களுவாஞ்சிகுடிக் கொலையும் மூன்று தலைமுறை வாசகர்களும்

1958 மே 25இல் நுவரெலியாவின் முன்னாள் மேயர் டி.ஏ. செனவிரத்ன களுவாஞ்சிகுடியில் கொல்லப்பட்டார். எங்கள் செட்டிபாளையத்திலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். மறுநாள் பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசினார். நாடு முழுக்கத் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு அந்தக் கொலையே காரணம் என்பதுபோல இருந்தது பேச்சு. தமிழ்ப் பயணிகளைத் தேடி ஒரு கும்பல் பொலன்னறுவை ரயில் நிலையத்தில் புகுந்ததோ மே 22இலேயே.

இந்தத் திகதிப் புரட்டைப் புத்தகத்தில் அம்பலப்படுத்தியவர் சிங்களவரான தார்சி விட்டாச்சி. 'சிலோன் ஒப்சேவர்' ஆசிரியரான அவர், தணிக்கைக் காலத்தில் பத்திரிகையில் போட முடியாததை 'எமர்ஜென்சி 58' என்று லண்டனில் அச்சிட்டார். என் தகப்பனார் கச்சேரியில் கிளாக்கர். கோவை புரட்டிப் பழகிய அவருக்கும் கூட்டாளிமாருக்கும் அந்தப் புத்தகம் பிடித்துப்போனது. அதில் ஒப்பாரி இல்லை. எது முந்தி, எது பிந்தி என்ற ஒழுங்கு இருந்தது.

தமிழில் படித்து வந்த எங்களுக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. எங்களுக்கு எட்டியது ஒரு தமிழ்க் கவிதை. 1981இல் சிங்களப் பொலிசார் யாழ்ப்பாண நூலகத்தைச் சுமார் 97,000 நூல்களோடு எரித்தார்கள். அதைப் பற்றிக் கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். எரித்தவர்கள் கும்பிடும் புத்தரையே கொலையுண்டவராகக் காட்டிய கவிதை அது. வகுப்பில் நான் அதை வாசித்தால் கடைசி வாங்குக்காரனும் நிமிர்ந்திருப்பான்.

இப்போதைய பிள்ளைகள் கவிதையைக் கேட்டுவிட்டு, "சேர், குருக்கள்மடத்தைப் பற்றி ஆர் எழுதின?" என்கிறார்கள். 1990 யூலையில் எங்கள் பக்கத்து ஊரான குருக்கள்மடத்தில், காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மறித்துக் கொன்றார்கள். அடுத்த மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இனப்பற்றுக் குறைந்துபோச்சு என்று சக ஆசிரியர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தகப்பனார் விட்டாச்சியை நம்பியது, அவர் தன் ஆட்களுக்காக வாதாடாததால்தான். 1990இல் வந்த 'முறிந்த பனை'யிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழ் ஆசிரியர்கள் நால்வர் அரசோடும் இந்தியப் படையோடும் சேர்த்துத் தமிழ் இயக்கங்களையும் கேள்வி கேட்டார்கள். எழுதும் பாணி தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. வாசகன் எழுதுபவனிடம் தேடிய நேர்மை மாறவில்லை.

குருக்கள்மடத்தைப் பற்றி முஸ்லிம்கள் மட்டும் பேசினால் போதாது. இந்தக் கரையோரத் தமிழர் நாங்களும், அந்த நாட்களைக் கண்டவர்கள் உயிரோடிருக்கும்போதே, ஊரும் திகதியும் வைத்து எழுதவேண்டும். எழுதாவிட்டால், 1958ஐப் பற்றி நாங்கள் சொல்வதையும் இந்தப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.