தீயணைப்பாளர்

தீயணைப்பாளர் என்பவர் தீயை அணைக்கவும், விபத்திலும் வெள்ளத்திலும் சிக்கியோரை மீட்கவும் பயிற்சி பெற்ற சீருடைப் பணியாளர். தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கான தீயணைப்பாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், காவலர்களோடு சேர்த்தே, எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வுகள் வழியாகத் தேர்ந்தெடுக்கிறது. அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அவசர அழைப்பு எண்கள் 101, 112.

பெயரில் தீ இருந்தாலும் பணி அதோடு நிற்பதில்லை. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாலையில் சாய்ந்த மரம் என எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். இவற்றுள் பாழுங்கிணற்று மீட்பு மிகக் கொடியது. அடியில் நச்சுவாயு தேங்கியிருந்தால், காப்பாற்ற இறங்கியவர்களே அடுத்தடுத்து மயங்கி விழுவர். ஆகவே சுவாசக் கருவியை முதுகில் பூட்டி, இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் இறங்குவார்; மேலே நிற்போர் கயிற்றின் அசைவிலிருந்து கண்ணெடுப்பதில்லை.

கட்டடத் தீயில் பெரும்பாலும் உயிர் பறிப்பது நெருப்பன்று, புகை. அது கூரையடியில் திரள்வதால், தரையோடு தவழ்ந்து, சுவரைத் தடவியபடியே உள்ளிருப்போரைத் தேடுவர். எண்ணெய்த் தீக்கு நுரை பயன்படும். மின்சாரத் தீயில் இணைப்பைத் துண்டிக்கும் முன் தண்ணீர் பாய்ச்சலாகாது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிபொருளும் ஏற்றிய ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டனர். அந்நாள் இந்தியாவெங்கும் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.