தோற்குழியும் தொட்டிச் சுவரும்

பாலாற்றுப் பகுதித் தோல் தொழிலின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதியின் வரலாறாகவோ நீர் மாசின் வரலாறாகவோ எழுதப்பெறுகின்றது. அத்தொழிலுக்கென எழுப்பப்பெற்ற குழி, தொட்டி, சுவர் என்னும் கட்டுமானங்களுக்கும் தொழிலாளியின் உயிர்க்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத் தக்கது. தொழில்நுட்பம் மாறுந்தோறும் இடர் இடம்பெயர்கின்றது. பெயர்ந்த இடத்திற்குக் காப்பும் உடன் செல்லாவிடின் உயிரிழப்பு நேர்கின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முற்காலத்துப் பதனீடு சுண்ணாம்புக் குழியையும் ஆவாரம் பட்டையையும் சார்ந்திருந்தது. தொழிலாளியின் கையும் காலும் குழிநீரிலேயே தோய்ந்திருந்தன. 1884-இல் அமெரிக்காவில் ஆகஸ்டு சூல்ட்சு காப்புரிமை பெற்ற குரோம் முறை இருகட்ட முறையாகும். அதில் பயன்பட்ட பைகுரோமேட்டு தோலையும் மூக்கின் இடைச்சுவரையும் புண்ணாக்க வல்லது. 1893-இல் மார்ட்டின் டென்னிசு வகுத்த ஒருகட்ட முறையில் தீங்கு குறைந்த குரோம் உப்பு பயன்பட்டது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் குரோம் பதனீட்டுச் சோதனையைத் தொடங்கினார். 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் நிறுவப்பெற்றது. சுழலும் உருளைகள் பரவியபின் தொழிலாளியின் கை குழிநீரினின்று பெரிதும் விலகியது. எனினும் அந்நீர் பாலாற்றையும் விளைநிலத்தையும் சேர்ந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகாததாயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையோ தனி நிலையத்தையோ அமைத்தல் கட்டாயமாயிற்று. அதனால் தொட்டிகளும் கழிவுச்சேற்றுத் தேக்கங்களும் பெருகின.

அத்தீர்ப்பிற்கு ஒன்பது நாள் முன்னர், ஆகஸ்டு 19-ஆம் நாள், கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆயினும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் செல்லும் கட்டுமானப் பணிகளை அஃது தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. எனவே தொழிற்சாலைத் தொட்டியில் இறங்குவார்க்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவே சிறந்த அரணாய் நின்றது. தகுதியுடையார் சோதித்து எழுத்தில் சான்றளித்தல், அன்றேல் மூச்சுக் கருவியும் இடைவாரும் அணிந்து, வாரிற் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பற்றியிருத்தல் என்பன அப்பிரிவின் விதிகளாய் இருந்தன.

அவ்விதியின் தேவை வேதியியலால் விளங்கும். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு, அமிலத்தோடு கூடின் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி தோன்றும். காற்றுப் புகாத கழிவுச்சேற்றில் நுண்ணுயிர்களும் அதனைத் தோற்றுவிக்கும். அது காற்றினும் கனமானது. ஆதலின் தொட்டியின் அடியில் தங்கும். செறிவு மிகுந்தால் மோப்பவுணர்வையே மரக்கச் செய்யும். ஆகவே 'நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்னும் துணிபு உயிர்க்கு இறுதியாகும். வளியளவு காட்டும் கருவியை முன்னர் இறக்கிச் சோதித்தல், விசிறியால் நற்காற்றுச் செலுத்துதல், ஆளை இறக்காது பம்பினால் சேற்றை வெளியேற்றுதல் ஆகியவை அரிய நுட்பங்கள் அல்ல. எளிதிற் கைக்கொள்ளத் தக்கனவே.

2015 சனவரி 31-ஆம் நாள் விடியுமுன் இராணிப்பேட்டையில் நிகழ்ந்த பேரிடர் மற்றொரு குறையைப் புலப்படுத்தியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த தோல் தொழிற்சாலைக்குள் சேறு பாய்ந்தது. பதின்மர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினின்று பிழைப்பு நாடி வந்து, அங்கே உறங்கிக் கொண்டிருந்தவர். 36-ஆம் பிரிவு தொட்டிக்குள் இறங்குவாரைக் காப்பதாய் இருந்தது. இங்கோ தொட்டியே உறங்குவாரை நோக்கி வந்தது. நீர்த்த சேற்றின் உயரம் இருமடங்காயின் சுவரின்மேல் உறும் மொத்த விசை நான்மடங்காகும். கொள்ளளவின் எல்லைக்கோடு, கசிவும் சாய்வும் காட்டும் அளவிகள், காலமுறைச் சோதனை, தொட்டியின் அருகே உறைவிடம் அமையாமை ஆகியவையே இத்தகைய இடரைத் தடுக்க வல்லவை.

கட்டுமானச் சட்டத்தையும் தொழிற்சாலைச் சட்டத்தையும் ஒன்றாகத் தொகுக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டங்கள் ஒன்றாயினும் அளக்கப்படுவது யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக, வெளியேறும் நீரை அளத்தல் இப்பகுதியில் வழக்காயிற்று. தொழிலாளி உயிர்க்கும் காற்றையும் அவன் அருகில் நிற்கும் சுவரையும் அதே கண்டிப்புடன் அளக்குங்கால்தான் தொழில்நுட்பம் அவனுக்கும் உரியதாகும்.