டிரோன் பறக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்: 'ஸ்பாட்டர்' யார், ஏன் வேண்டும்?

சிம்பாங் ரெங்கம் பக்கம் இருப்பவரா நீங்கள்? அப்படியானால் டிரோன் உங்களுக்குப் புதிதல்ல. எஸ்டேட் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், செம்பனைத் தோட்டம் என்று எங்கே போனாலும் தலைக்கு மேல் அந்த வண்டுச் சத்தம் கேட்கிறது. ஆனால் பறக்கவிடுபவர் பெரும்பாலும் தனியாள். தலை குனிந்திருக்கும், கண் திரையில் இருக்கும். ஆபத்து ஆரம்பிப்பதும் அங்கேதான்.

டிரோன் எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்ன வருகிறது என்று வானத்தை மட்டுமே பார்ப்பதற்காக பைலட்டின் பக்கத்தில் நிற்பவரைத்தான் ஸ்பாட்டர் என்கிறார்கள். நம்ம பேச்சில் சொன்னால், 'மேல பார்க்குற ஆளு'.

திரையில்தான் எல்லாம் தெரியுதே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்? நியாயமான கேள்விதான். கேமரா காட்டுவது முன்னால் இருப்பதை மட்டுமே. பின்னால், பக்கவாட்டில், மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மெல்லிய மின்கம்பி பல நேரம் திரையில் விழுவதே இல்லை. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் டிரோன், நீங்கள் ஷாட்டைச் சரிசெய்யும் இரண்டு விநாடியில் 30 மீட்டர் தாண்டிவிடும்.

சரி, திரையை விட்டுவிட்டு வானத்தையே பார்த்தால்? 35 சென்டிமீட்டர் அகலமுள்ள டிரோன் 500 மீட்டர் தள்ளிப் போனால், மூன்று மீட்டர் தூரத்தில் சுவரில் ஒட்டிய கடுகு அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் கண்ணை எடுக்காத ஆள் ஒருவர் வேண்டும்.

2017 செப்டம்பர் 21 மாலை, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே ஒரு டிரோன் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது மோதியது. ஹெலிகாப்டர் பறந்த உயரம் ஏறத்தாழ 300 அடிதான். டிரோன்காரர் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி, டேப்லெட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டரின் இறக்கையில் அடிபட்டும் அது பத்திரமாகத் தரையிறங்கியது. மோதியதே அவருக்குத் தெரியாது. விசாரணை அதிகாரிகள் தொடர்புகொண்ட பிறகுதான் தெரியும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போதும் ஏறக்குறைய இதே கதை. தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் டிரோன் மோதி ஓட்டை விழுந்தது, தீயை அணைக்க வேண்டிய விமானம் தரையில் நின்றது. அங்கேயும் பைலட் டிரோனைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்துக்கு விட்டிருந்தார்.

இது அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். சிம்பாங் ரெங்கம் இருப்பதே குளுவாங் மாவட்டத்தில். அதே மாவட்டத்தில்தான் நம் தரைப்படையின் வான் பிரிவுக்குத் தளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் தாழப் பறப்பது இங்கே அதிசயமில்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 18 விநாடி போதும். 120 மீட்டர் உயரத்தில் நிற்கும் டிரோனை விநாடிக்கு 5 மீட்டர் வீதம் இறக்கினால் 24 விநாடி ஆகும். கணக்கு இடிக்கிறது அல்லவா? எனவே ஸ்பாட்டருக்குக் கண்ணைப் போலவே காதும் முக்கியம். உருவம் தெரியும்வரை காத்திருக்காமல், சத்தம் கேட்டதுமே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மலேசிய பொது விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி, டிரோனை இயக்குபவர் அதைத் தன் கண்ணால் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொலைநோக்கி வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. கேமரா டிரோனுக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு: சம்பந்தமில்லாத ஆட்கள், வாகனங்கள், கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்ச்சியிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தீமிதியையோ தேரையோ நேர் மேலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம். ஆயிரம் பேர் கூடும் இடமென்றால் முதலில் சிஏஏஎம் எனும் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி. வான்வழிப் படமெடுக்க ஜூப்பெம் எனும் நில அளவைத் துறையின் அனுமதி தனி. சிம்பாங் ரெங்கம் சிறைச்சாலைப் பக்கம் போகவே வேண்டாம்.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்பாட்டர் இருந்தால் இன்னும் தூரம் விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நண்பரை அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கவைத்து, "இப்ப உன் பக்கம் வருது பாரு" என்று போனில் சொல்லிக்கொண்டு ஓட்டுவது நம் விதிக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டும் டிரோனுக்குக்கூட ஸ்பாட்டர் பைலட்டின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஸ்பாட்டர் வந்ததால் டிரோன் போகும் தூரம் நீளாது, பொறுப்பும் கைமாறாது. ஏதாவது நடந்தால் கேள்வி பைலட்டுக்குத்தான்.

நல்ல ஸ்பாட்டருக்குச் சான்றிதழைவிட ஒழுங்கு முக்கியம். பறப்பதற்கு முன்பே மின்கம்பி எங்கே, செம்பனை மரத்தின் உயரம் என்ன, காற்று எந்தப் பக்கம், அவசரமென்றால் எங்கே இறக்குவது என்று இருவரும் நடந்து பார்க்க வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது. கைப்பேசி பையில் இருக்கட்டும், அவர் வீடியோ எடுக்க ஆரம்பித்தால் அப்புறம் அவர் ஸ்பாட்டர் இல்லை. மாப்பிள்ளையின் தம்பியை ஸ்பாட்டராகப் போட்டால் அவர் கண் பந்தியில்தான் இருக்கும்!

பேச்சையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். "அண்ணே, அங்க பாருங்க" என்றால் எங்கே பார்ப்பது? டிரோன் தன் பக்கம் திரும்பியிருந்தால் இடது வலது மாறிவிடும். ஆகவே "ரோட்டுப் பக்கம்", "கோயில் பக்கம்" என்று தரையில் இருப்பதை வைத்துச் சொல்வதே தெளிவு. "நில்லு", "ஏத்து", "இறக்கு" ஆகிய மூன்று சொல் போதும். அதில் "நில்லு" என்று கேட்டால் பைலட் காரணம் கேட்கக்கூடாது. முதலில் குச்சியிலிருந்து கையை எடுக்க வேண்டும். சாதாரண கேமரா டிரோன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். என்ன ஏது என்று அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.