கிட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை 'லீ ராக்' என்ற ஹாங்காங் படம் பார்த்தேன். 1991இல் வந்தது. சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன் மாமூல் வாங்கி, அதைப் பங்கு போடக் கற்று, மேலே மேலே போகிற கதை. லுய் லொக் என்ற நிஜ அதிகாரியின் வாழ்க்கையைத் தழுவியது. ஹாங்காங்கில் 1974இல் லஞ்ச ஒழிப்புக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது. அது அவரைத் தேடியபோது மனிதர் கடல் கடந்து போயிருந்தார்.

"நம்ம பக்கத்திலே இப்படி ஒருத்தன் உண்டா, அத்தான்?" என்றான் மைத்துனன்.

"ஒருத்தனா? தாலுகாவுக்கு ஒருவர் இருந்தார்" என்றேன்.

1816ஆம் வருஷத்து ரெகுலேஷன்படி, சென்னை ராஜதானியில் வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். திருவள்ளூரும் பொன்னேரியும் சேர்ந்திருந்த செங்கற்பட்டு ஜில்லாவிலும் இதே ஏற்பாடுதான். கிஸ்தி கேட்கிற கையிலேயே தடியும் இருந்தால் கேட்பானேன்! கிட்டி என்று ஒரு கருவி. எலுமிச்சம்பழம் பிழிகிற கட்டை மாதிரி இருக்கும். பழத்துக்குப் பதில் விரல்கள். வலி தாளாமல் கொடுத்த பணத்தில் எவ்வளவு கஜானாவுக்குப் போயிற்று என்பது வாங்கினவருக்கே வெளிச்சம்.

காஜுலு லட்சுமிநரசு செட்டியார் விடாமல் மனுப் போட்டார். டான்பி சேமூர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1853இல் நேரில் வந்து பார்த்தார். மறு வருஷம் லண்டனில் பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூவர் கமிஷன். மூன்றே மாதத்தில் 1,959 புகார்கள்! 1855இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் மேல் பழியில்லை என்றும் கூடவே எழுதினார்கள், எழுதியவர்களும் வெள்ளைக்காரர்கள்தானே.

ஆனால் அவர்களை அதிகம் உறுத்தியது கிட்டியல்ல, நியாயம் கேட்க வழியில்லாததுதான். அடிபட்ட குடியானவன் விதைப்பையும் அறுப்பையும் விட்டுக் கலெக்டர் கச்சேரிக்கு நடக்க வேண்டும். எழுதிப் போட்டாலோ, 'தாசில்தாரிடம் மனுச் செய்துகொள்' என்று பதில் வரும். விரலை நெரித்தவரிடமே!

1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதையெல்லாம் எடுத்து எழுதினார். 1859இல் போலீஸ் சட்டம் வந்தது. ராபின்ஸன் துரையின் கீழ்ப் போலீஸ் தனி இலாகா ஆயிற்று. தாசில்தாரின் கையிலிருந்து போலீஸ் போயிற்று.

"அப்புறம் அடிபட்டவன் மனுவை எங்கே கொடுத்தான்?" என்று கேட்டான் மைத்துனன்.

"போலீஸ் ஸ்டேஷனில்" என்றேன்.