தொட்டால் கணக்கு தப்பும்!

ஓடுகிற தண்ணீரின் வேகத்தை எப்படி அளப்பீர்கள்? 1732-ல் பாரிஸில் ஆன்ரி பிதோ என்ற இன்ஜினீயர், வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை சீன் நதிக்குள் இறக்கினார். நீரோட்டம் குழாயின் வாயில் மோத, உள்ளே தண்ணீர் மட்டம் ஏறியது. ஏறிய உயரத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். அருமையான ஐடியா! விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்க்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

ஆனால், ஒரு சிக்கல். ஆடிட்டர் நுழைந்ததுமே ஆபீஸின் நடையே மாறிவிடும், இல்லையா? அதே கதைதான். குழாயை நுழைத்த இடத்தில் நீரோட்டமே மாறிப்போகும். ஆற்றில் பரவாயில்லை. நூலிழை போன்ற ரத்தக் குழாயில் என்ன செய்வது? தொடாமல் அளக்க வேண்டும்!

அதற்கான விதை 1842-ல் ப்ராக் நகரில் விழுந்தது. ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் ஒளியின் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும் என்றார் கணிதப் பேராசிரியர் கிறிஸ்டியன் டாப்ளர். நட்சத்திரங்களின் நிற வித்தியாசத்துக்கு இதுவே காரணம் என்றும் சொன்னார். நிறம் விஷயம் தப்பு. விதி நூற்றுக்கு நூறு சரி!

1845-ல் ஹாலந்தின் பைஸ் பாலட் அதை ஒலியில் சோதித்தார். எப்படித் தெரியுமா? ட்ரம்பெட் வித்வான்களை ரயிலில் ஏற்றி ஊதச் சொன்னார்! பாதையோரம் காது கொடுத்து நின்ற இசைக் கலைஞர்களுக்கு, ரயில் நெருங்கும்போது ஸ்வரம் ஏறிக் கேட்டது, கடந்ததும் இறங்கியது.

ஒளியில்? நட்சத்திரங்களின் ராட்சத வேகத்தை 19-ம் நூற்றாண்டிலேயே இப்படி அளந்துவிட்டார்கள். ஆனால், தண்ணீரில் மிதக்கும் தூசி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுவது 15 கோடியில் ஒரு பங்குதான். சாதாரண விளக்கு வெளிச்சமோ பல அதிர்வெண்கள் கலந்த சந்தைக்கடை. அங்கே இந்த முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்?

1960 மே 16. கலிஃபோர்னியாவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். தீர்வு ரெடி, பிரச்னையைத்தான் தேட வேண்டும் என்று அவருடைய உதவியாளரே கிண்டலடித்தார். நாலே வருடத்தில் பிரச்னை கிடைத்தது!

1964-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யே, கம்மின்ஸ் இருவரும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் கலந்த தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டு, ஹீலியம்-நியான் லேசரைப் பாய்ச்சினார்கள். உருண்டைகளில் பட்டுச் சிதறிய ஒளியை மூல ஒளியோடு கலந்தார்கள். துளியூண்டு சுருதி விலகிய இரண்டு தம்புராத் தந்திகளை மீட்டினால் ‘வொய்ங்... வொய்ங்...’ என்று கேட்குமே, அதே சங்கதி! அந்தத் துடிப்பை எண்ணினால், வேகம் கையில்.

அப்புறம் என்ன... 1972-ல் முயலின் விழித்திரை ரத்தக் குழாய், 1975-ல் மனிதத் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் என்று லேசர் உள்ளே நுழைந்தது. தீக்காயம் எவ்வளவு ஆழம், தானாக ஆறுமா, வேறு தோல் வைத்துத் தைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க டாக்டர்களுக்கு இன்று இது உதவுகிறது.

திரவம் மட்டுமல்ல, அதிர்கிற எந்தப் பரப்பையும் இப்படி அளக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் மிசிசிப்பி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒலியால் தரையை அதிரவைத்து, லேசரால் அந்த அதிர்வைப் படித்தார்கள். கண்ணிவெடி புதைந்த இடம் மட்டும் வேறு மாதிரி அதிர்ந்து காட்டிக்கொடுத்தது!

அங்கே தொட்டால், தப்புவது கணக்கு மட்டுமா?