மூன்று வண்டிகளும் ஒரு கொட்டகையும்

திருச்சியில் எங்கள் பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் மூன்று கார்கள் நின்றுகொண்டிருந்தன. உடனே என்னைப் பெரிய தனவந்தன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கார் ஓடவே ஓடாது. இன்னொன்று ஓடுவதாகப் பெயர். மூன்றாவது, பத்துப் பேர் தள்ளினால் மரியாதைக்காகச் சற்றுத் தூரம் போகும்.

அப்பாவின் தலைத்திதி முடிந்த மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பேச்சை எடுத்தார். "காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டு மூன்றையும் நிறுத்துப் போட்டுவிடலாம். கொட்டகையாவது மிஞ்சும்" என்றார். நான் பதறிப்போனேன். கதை எழுதுகிறவனுக்குப் பழைய சாமான் என்றால் ஒரு பலவீனம். வாக்குவாதம் முற்றி, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கட்டத்தில் அம்மா குறுக்கிட்டாள்.

"அப்பா பாங்கில் போட்டு வைத்த பணத்தில் மூன்று லட்சம் தருகிறேன். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. அதையும் இந்தப் பணத்தில்தான் அடைக்க வேண்டும்."

ஒரு தேசத்தின் நிதி மந்திரிகூட இவ்வளவு சுருக்கமாக பட்ஜெட் படித்ததில்லை.

மூன்று வண்டிகளையும் வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். முதலாவது, தாத்தா 1969-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டாவது, அப்பா 1982-ல் வாங்கிய அம்பாசிடர். மூன்றாவது, சித்தப்பா வெளிநாடு போகும்போது "ஆறு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று விட்டுப் போன பிரீமியர் பத்மினி. அந்த ஆறு மாதம் இருபத்திரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. போனில் கேட்டதற்கு, "இன்னுமா இருக்கிறது?" என்றார்.

எதை விடுவது என்று யோசித்தபோது, இவை எப்படி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனால், அது எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் இல்லை.

சுதந்திரம் வந்த புதிதில் இந்தத் தேசத்தில் பல ஜாதிக் கார்கள் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதலே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. போர்டு கம்பெனியும் இருந்தது. பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டுவது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே செய்யும் திட்டம் உள்ளவர்கள்தான் தொழில் நடத்தலாம் என்று 1953-ல் சர்க்கார் முடிவு செய்தது. அந்த இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. அயல்நாட்டுக் கார் வருவதும் அநேகமாக நின்றது. கார் என்று சொல்ல மூன்று கம்பெனிகள் மிஞ்சின. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் பிரீமியர். நம் சென்னைக்கு அருகே, வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு. எங்கள் கொட்டகையில் நின்றவை இந்த மூன்றின் வாரிசுகள்தாம்! அப்பா ரசனையோடு சேர்த்து வைத்தார் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு வேறு எதுவும் கிடைத்திருக்காது என்பதே உண்மை.

மூன்றும் பிறப்பால் வெளிநாட்டு வண்டிகள். அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. அங்கே அந்த உருவத்தை மூன்று வருஷத்தில் கைவிட்டார்கள். நாம் 1957-ல் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை செய்தோம். பத்மினி இத்தாலியின் பியட் 1100. அங்கே 1966-ல் முடிந்துபோன அச்சை, பேரை மட்டும் மாற்றி, இருபதாம் நூற்றாண்டு முடிகிறவரை நாம் ஓட்டினோம். ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப். அதற்கு உருவம் வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் சென்னைத் தொழிற்சாலையில் மட்டுமே பிறந்தது. தாத்தாவின் வண்டிக்கு நான்கு கதவு. அந்தப் பெருமையை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம்.

கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. விலையையும் சர்க்காரே கட்டுப்படுத்தியது. அதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. புது வண்டியின் விலைக்கு மேலேயே, ஓடிய பியட்டை விற்க முடிந்தது. காத்திருக்க மாட்டாதவன் கூடக் கொடுத்தான். ஆகவே எந்த வீட்டிலும் காரைத் தூக்கி எறிகிற யோசனையே எழவில்லை. கெட்டுப்போனால் பழுது பார்த்தார்கள். போர் அடித்தார்கள், பிஸ்டன் மாற்றினார்கள், துருப்பிடித்த தகரத்தை வெட்டி வேறு தகரம் வைத்து ஒட்டினார்கள். கிடைக்காத பாகத்தை லெய்த் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள். ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் டிங்கரும் பெயிண்டரும் தழைத்தது இதனால்தான். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகே மாற்றிக்கொள்ளும் பழக்கம் மெல்ல வந்தது. பழைய கார்மேல் நமக்கு இருக்கிற பாசத்தை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. முதலில் வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டோம். பிறகு அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தோம்.

நிற்க. பாலக்கரையிலிருந்து பாய் வந்தார். அப்பாவின் அம்பாசிடரை முப்பது வருஷம் பார்த்தவர். இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். நான் கேட்டதற்காக வந்தார். கொட்டகையில் ஒரு மணி நேரம் இருந்தார். மூன்று வண்டிக்கும் அடியில் படுத்து எழுந்தார்.

"பத்மினியில் பெரிய குறை இல்லை தம்பி. பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் எழுந்துவிடும். அம்பாசிடருக்கு இன்ஜின் வேலை, பிரேக், கிளட்ச், தகர வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் ஆகும். சாமான் கிடைக்கும். என் பையனுக்கும் அந்த வேலை தெரியும்."

"ஹெரால்டு?"

பாய் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, பெட்டி மூடிபோல் முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயரின்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். அதைத் திறந்துவிட்டு, ஸ்குரூ டிரைவரால் சேசிஸின் பக்கவாட்டில் ஓர் இடத்தை அழுத்தினார். ஸ்குரூ டிரைவர் அப்பளத்தில் போவதுபோல் உள்ளே போயிற்று.

"உடம்பைக் கழற்றித் தூக்கி, சேசிஸைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆறு லட்சத்துக்குக் குறையாது. அதற்கு மேல் எவ்வளவு என்று பிரித்தால்தான் தெரியும். இதில் கை வைத்தவர்களில் எங்கள் ஊரில் நான்தான் மிச்சம். எனக்கும் கண் சரியில்லை."

ஹெரால்டு இங்கே 1971-ல் நின்றுவிட்டது. அதன் தம்பி கெஜல் 1977-ல் நின்றது. சாமான் இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்க வரியும் கொடுத்து வரவழைக்கலாம். சென்னையில் பிறந்த வண்டிக்குச் சீமையிலிருந்து மருந்து!

சட்டத்தையும் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டி, உருமாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. இருபதாயிரம் ரூபாய் கட்டிப் புராதன வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். மற்ற பழைய கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் அறுநூறிலிருந்து ஐயாயிரமாயிற்று. இருபது வயது தாண்டிய காருக்கு 2025-ல் பத்தாயிரமாக்கினார்கள். முதுமைக்கு வரி போட்டால் யார்தான் தப்புவது!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் காப்பாற்ற நினைத்ததெல்லாம் ஹெரால்டைத்தான். தாத்தாவின் வண்டி; நம் ஊர் வண்டி; கதைக்கு ஏற்ற வண்டி. முப்பது வருஷமாக அதன்மேல் தார்ப்பாயை மூடி வைத்துவிட்டு, அதைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி வந்தோம். அந்தத் தார்ப்பாயின் அடியில் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துருவுக்கு விற்றுக்கொண்டிருந்தோம். விலைதான் வாங்கவில்லை.

காலையில் அம்மாவைக் கேட்டேன். அவள் ஹெரால்டைப் பற்றிப் பேசவே இல்லை. "எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. எதில் குனியாமல் ஏற முடியுமோ அதை வை" என்றாள். அம்பாசிடரின் ஆசனம் நாற்காலி உயரம். நாங்கள் இரண்டு பேரும் இரவெல்லாம் சர்ச்சை செய்த விஷயம் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று.

பத்மினியைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், தகப்பனாரோடு வந்து வாங்கிப் போனான். அந்தப் பணத்தில் கொட்டகைக் கூரை அடைபட்டது. ஹெரால்டைக் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கேட்ட விலையில் பாதிதான் கொடுத்தார். வீட்டில் இன்னொரு ஹெரால்டு இருக்கிறது, பட்டறையும் ஆளும் இருக்கின்றன என்றார். அதற்காகவே கொடுத்தேன். லாரி தெருமுனை திரும்புகிறவரை அண்ணன் வாசலிலேயே நின்றார். நிறுத்துப் போடலாம் என்று சொன்ன அதே அண்ணன்தான். உள்ளே வந்து, "தாத்தா என்னை அதில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவார்" என்றார். அதை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நான் விற்றிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்பாசிடர் நான்கு மாதத்தில் தயாராயிற்று. சித்திரை வெயிலில் அம்மாவை ஏற்றிக்கொண்டு சமயபுரம் போனோம். திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

எதிரே டீக்கடையிலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. அவரே பானெட்டைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் பம்பின்மேல் சுற்றினார். "ஏர்லாக்குங்க. வெயிலுக்கு இப்படித்தான். பத்து நிமிஷம் பொறுங்க" என்றார். பத்து நிமிஷம் பொறுத்தோம். வண்டி கிளம்பியது.

அவர் துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அது இன்னும் பம்பின்மேல்தான் இருக்கிறது.