ஆட்டுக்கொல்லி நோய்

ஆட்டுக்கொல்லி நோய் (பி.பி.ஆர்.) வெள்ளாடுகளையும் செம்மறியாடுகளையும் தாக்கும் வைரஸ் தொற்று. மனிதரின் தட்டம்மையும் மாடுகளின் வெக்கை நோயும் இவ்வைரஸின் பேரினத்தைச் சேர்ந்த வைரஸ்களால் வருபவை. மனிதருக்கு இது பரவாது.

வரலாறு: 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறியாடுகளிடம் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது.

அறிகுறிகள்: கடுங்காய்ச்சல், கண், மூக்கில் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், நுரையீரல் அழற்சி. மூச்சுக்காற்று, சளி, சாணம் வழியே பரவும். இதுவரை நோய் காணாத மந்தையில் 90 விழுக்காடு வரை இறப்பு நேரலாம். குட்டிகளே அதிகம் மடியும்.

தடுப்பு: தனி மருந்து இல்லை, தடுப்பூசியே காப்பு. இந்நோய் வைரஸின் சுங்ரி/96 வகையிலிருந்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும், அரசூர்/87 வகையிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தடுப்பூசிகளை உருவாக்கின. மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்கு இதைப் போடலாம். தமிழகமெங்கும் கால்நடைப் பராமரிப்புத் துறை இப்பணியைச் செய்கிறது. சந்தையில் வாங்கிய ஆட்டைச் சில வாரம் தனியே கட்டுவது நல்லது.

2030க்குள் இந்நோயை உலகிலிருந்து ஒழிப்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, உலக விலங்குநல அமைப்பு ஆகியவற்றின் இலக்கு.